பரு மாத்திரையும் மாலா-டியும்

முகப்பருவுக்கு டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக்கொடுத்ததும், நான் மாலா-டி கருத்தடை மாத்திரை போடுகிறேனே, அதைக் கெடுத்துவிடாதா என்று தோல் டாக்டரிடம் நேராகவே கேட்டேன் (மருந்துக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்பதைவிட இது எவ்வளவோ மேல்). கெடுக்காதாம். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் வகைதான் கருத்தடை ஹார்மோனைக் கல்லீரலில் சீக்கிரம் சிதைத்துவிடுமாம். ஆனால் மாலா-டி போட்டு 3 மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். எனக்கோ வெறும் வயிற்றில் டாக்சிசைக்ளின் போட்டால் ஒரே குமட்டல், அதனால் அதைக் காலை இட்லிக்கு அப்புறம் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, மாலா-டியை ராத்திரி என்று பிரித்துவிட்டேன். இப்போது குமட்டல் இல்லை. இதில் இன்னொரு லாபமும் உண்டு: மாலா-டி அட்டையின் கடைசி 7 மாத்திரை வெறும் இரும்புச்சத்து, சேர்த்துப் போட்டால் டாக்சிசைக்ளினை உடம்பில் சரியாக ஏறவிடாது.