இடியாமல் நின்றால் போதுமா? பார்க்கிங் தளம் வைத்த வீட்டை நிலநடுக்கத்துக்குச் சோதிக்கும் முறை

கோயம்புத்தூரில் வீடு கட்டுபவர்களிடம் நிலநடுக்கம் என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் குஜராத் பக்கம்" என்று சிரிப்பார்கள். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி இதே ஊரை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அதன் அளவு ஏறக்குறைய 6 என்று பின்னாளில் கணித்திருக்கிறார்கள். அன்று இங்கே நின்றவை பெரும்பாலும் ஓட்டு வீடுகள். இன்று கீழே கார், மேலே இரண்டு மாடி என்று பில்லர்களின் மேல் நிற்கும் வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 1893. அதன் 2016 பதிப்பில் கோவை மூன்றாம் மண்டலம்; உச்ச அதிர்வின் வலுவைக் குறிக்கும் மண்டலக் காரணி 0.16.

அப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். உயரம் 10 மீட்டர், அகலம் 9 மீட்டர், எடை 400 டன். எண்கள் எளிமைக்காக நான் வைத்தவை.

முதல் படி: தரநூல் என்ன கேட்கிறது என்று பாருங்கள்

செங்கல் சுவர் அடைத்த கட்டடத்தின் அதிர்வு நேரம், அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப எடுக்கும் நேரம், 0.09 × உயரம் ÷ √அகலம். நம் வீட்டுக்கு 0.3 வினாடி. இவ்வளவு விறைப்பான கட்டடம் தரை அதிர்வை இரண்டரை மடங்காக்கும். வடிவமைப்பு அதிர்வுக்கு உச்ச அதிர்வில் பாதியைத்தான் எடுப்பார்கள். காரணியில் பாதியான 0.08ஐ 2.5ஆல் பெருக்கினால் 0.2, வீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு கீறல்கூட விழக்கூடாது என்றால் வீடு 80 டன் பக்கவாட்டு விசையைத் தாங்கவேண்டும்.

தரநூல் 80 கேட்பதில்லை. நெளிந்து கொடுக்கும் விதத்தில் கம்பி கட்டிய கட்டடத்துக்கு அதை 5ஆல் வகுத்து 16 டன்னுக்கு வடிவமைத்தால் போதும் என்கிறது. மீதியை எது தாங்கும்? கணக்கில் வராத கூடுதல் வலு கொஞ்சம் தாங்கும். மிச்சத்தைக் கம்பி நெளிவும் கான்கிரீட் விரிசலும் விழுங்கவேண்டும். விதிப்படி கட்டிய வீடு பெரிய அதிர்வில் சேதமாகும் என்பது விதியிலேயே எழுதாமல் எழுதியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லும் பொறியாளரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: எவ்வளவு சேதம் சம்மதம் என்று கேளுங்கள்

எந்த அதிர்வில் எவ்வளவு சேதம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து கட்டும் செயல்திறன் சார்ந்த வடிவமைப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. 1994இல் அமெரிக்காவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் ஏறத்தாழ 60 பேர். இழப்போ 2,000 கோடி டாலருக்கு மேல். உயிர் பிழைத்தால் போதும் என்ற விதிகள் உயிரைக் காத்தன, தொழிலையும் வீட்டையும் காக்கவில்லை. அதன்பிறகே இந்த முறை வேகம் பிடித்தது.

மூன்று நிலைகளை நினைவில் வையுங்கள்: ஒன்று, உடனே குடியேறலாம்; இரண்டு, உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பழுது பெரிது; மூன்று, இடிந்து விழவில்லை, அவ்வளவுதான். எந்த அதிர்வுக்கு எந்த நிலை என்று ஜோடி சேர்ப்பதே இலக்கு. வீட்டுக்கு வடிவமைப்பு அதிர்வில் இரண்டாம் நிலையும், அதைப்போல் இரு மடங்கான உச்ச அதிர்வில் மூன்றாம் நிலையும் போதும் என்பேன். மருத்துவமனைக்கு அது பொருந்தாது. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் புஜ் நகரில் மருத்துவமனையே இடிந்தது. பிறகு ரப்பர் தாங்கிகளின் மேல் புதிதாகக் கட்டினார்கள்.

மூன்றாம் படி: இருக்கும் கட்டடத்தைப் படியுங்கள்

வரைபடத்தை நம்பாதீர்கள். கம்பி கண்டறியும் கருவியும் டேப்பும் எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போங்கள். நம் பக்கத்தில் பில்லர் 9 அங்குலம், அதாவது 230 மில்லிமீட்டர். நெளிந்து கொடுக்கும்படி கம்பி கட்டுவதற்கான தரநூல் ஐ.எஸ். 13920 கேட்பது குறைந்தது 300. அதைவிட முக்கியம், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். அதன் முனை 135 பாகையில் உள்நோக்கி வளைந்து, குறைந்தது 65 மில்லிமீட்டர் கான்கிரீட்டுக்குள் நீளவேண்டும். கம்பி கட்டுபவர் 90 பாகையில் மடக்கி விட்டுவிட்டால், மேற்பூச்சு உதிர்ந்த மறுகணம் ரிங் திறந்துகொள்ளும். அந்த வீட்டை 5ஆல் வகுக்கும் தகுதி உங்களுக்கு இல்லை. ஓரிரு இடங்களில் பூச்சைக் கொத்தி முனையைக் கண்ணால் பாருங்கள்.

நான்காம் படி: தள்ளிப் பாருங்கள்

கணினியில்தான். ஈடாப்ஸ் அல்லது இலவசமான ஓப்பன்சீஸ் மென்பொருளில் மாதிரி செய்து, பக்கவாட்டு விசையைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போங்கள். எந்தப் பில்லர் முதலில் நெளிகிறது, உச்சி எவ்வளவு நகர்கிறது என்று ஒரு வளைகோடு கிடைக்கும். நீங்கள் தேர்ந்த அதிர்வில் உச்சி எவ்வளவு நகரும் என்பதை அதன்மேல் குறியுங்கள்.

பில்லரும் பீமும் சேர்ந்த கான்கிரீட் சட்டத்துக்கு, அந்த மூன்று நிலைகளுக்கும் அமெரிக்க வழிகாட்டி தரும் தோராய நகர்வு அளவுகள் முறையே தள உயரத்தில் 1, 2, 4 சதவீதம். 3 மீட்டர் தளத்துக்கு 30, 60, 120 மில்லிமீட்டர். உச்சி 75 மில்லிமீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். மூன்று தளமும் பங்கிட்டால் தலைக்கு 25; கவலையில்லை. ஆனால் மேல்தளங்களில் சுவர் இருக்கிறது, கீழே காற்றுதான். கீழ்த்தளம் மட்டும் 65ஐ விழுங்கி இரண்டாம் நிலையைத் தாண்டிவிடும். ரிங் சரியில்லாத பில்லருக்கு 60கூட எட்டாது. அதிர்வு மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் பார்க்கிங் வைத்த அடுக்குமாடிகள் 2001இல் இப்படித்தான் விழுந்தன.

ஐந்தாம் படி: பலப்படுத்திவிட்டு மறுபடி தள்ளுங்கள்

எல்லாப் பில்லருக்கும் சட்டை போடுவது, அதாவது சுற்றிலும் புதுக் கம்பி கட்டிக் கான்கிரீட் போர்த்துவது, என்று எடுத்தவுடன் முடிவு செய்யாதீர்கள். கீழ்த்தளத்தில் இரு திசைகளிலும் கான்கிரீட் சுவர் எழுப்புவது பெரும்பாலும் மலிவு. ஒரே பக்கம் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும், எதிரெதிராக வையுங்கள். அஸ்திவாரத்தோடு இணையாத சுவர் வெறும் தடுப்பு. சட்டை தேவைப்படும் பில்லரில் புதுக் கம்பி கூரைக் கான்கிரீட்டைத் துளைத்து மேலே தொடரவேண்டும். கீழ்த்தளத்தை மட்டும் இறுக்கினால் பலவீனம் ஒரு மாடி ஏறிக்கொள்ளும், அதனால்தான் மறுபடி தள்ளுவது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியையும் சோலார் ஹீட்டரையும் கட்டிவையுங்கள்.

ஈரோட்டில் ஒரு வீட்டுக்கு இதைச் செய்தபோது, சுவருக்காக ஒரு கார் நிற்கும் இடம் போயிற்று. வீட்டுக்காரர் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு பழைய காரை விற்றுவிட்டு ஆட்களை வரச் சொன்னார்.