கொம்பு ஓணான வரையிறது எப்புடி
இலங்கை மலைநாட்டுல இருக்க ஹோர்ட்டன் சமவெளிக்கு, இந்த மூக்குல கொம்பு வச்ச ஓணானப் பத்தி ரிசர்ச்சுக்குப் போறவங்க மொதல்ல பேனாவ வீட்டிலயே வச்சிட்டுப் போங்க, 2,000 மீட்டருக்கு மேல மிஸ்ட் எறங்குனா பேப்பர் நமுத்து மை பரவி ஒரு நாள் வேல போயிரும், எனக்குப் போச்சு, பென்சில் போதும். பர்மிட் இல்லாம தொடவே கூடாது, தள்ளி நின்னே வரைங்க. மூக்குல இருக்க வெள்ளக் கொம்ப மொதல்ல போடுங்க, ஆணுக்குத்தான் நீளம், பொட்டைக்கு குட்டை, அது தப்புனா டேட்டாவே தப்பு. பக்கத்துலயே நேரம், தரையிலருந்து எத்தன சென்டிமீட்டர் உசரத்துல ஒக்காந்திருந்துச்சுன்னு எழுதிருங்க. கலர அங்க பூசாதீங்க, 'பாசிப்பச்ச, வெறுந்தேத்தண்ணி நெறம்'னு குறிச்சிட்டு வந்து ராவைக்கு லயத்துல, அதான் தோட்டத்து லைன் வீட்டுல ஒக்காந்து பூசலாம். போட்டோ பத்தாதான்னு கேப்பாங்க, அதுல இல நிழல் விழுந்து பாதி செதிலு தெரியாதுங்க.