நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டினால் இதயம் காக்கப்படுமா? இந்தக் கணக்கு எங்கே தப்புகிறது

நம் உடம்பே தயாரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ரத்தக்குழாயைத் தளர்த்தும். குழாய் தளர்ந்தால் ரத்த அழுத்தம் குறையும். ஆகவே அதைக் கூட்டிக்கொண்டால் இதயத்துக்கு நல்லது. சத்துப் பவுடர் டப்பாக்கள் போடும் கணக்கு இதுதான். முதல் இரண்டும் சரி, மூன்றாவதில்தான் சறுக்கல்.

இது உடம்பில் சேர்த்து வைக்கிற சத்து அல்ல. ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இதை அவ்வப்போது தயாரிக்கின்றன. அது பக்கத்துத் தசைச் செல்லுக்குள் நுழைந்து, சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறைப் பெருகவைத்துத் தசையைத் தளர்த்திவிட்டு மறைந்துவிடுகிறது. ரத்தத்துக்குள் போனால் ஒரு வினாடிகூடத் தாங்காது. இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு இதில் என்ன வேலை? அது வெறும் ஆக்சிஜன் மூட்டை என்று நினைப்பது ஒரு தவறு. கொஞ்சம் படித்தவர்கள் செய்யும் தவறு வேறு: சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடும், அதனால் சிவப்பணு அதற்கு எதிரி என்பார்கள். சோதனைக் குழாயில் அப்படித்தான். இரண்டும் சேர்ந்தால் நைட்ரேட்டாகிப் பயனற்றுப்போகும். ஆனால் உயிருள்ள ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஒரு சவ்வுக்குள் அடைந்து கிடக்கிறது. போதாததற்கு, ஓடும் ரத்தத்தில் அணுக்கள் நடுவே ஒதுங்க, சுவரை ஒட்டி ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா மட்டும் ஓடுகிறது. அதனால் விழுங்கும் வேகம் வெகுவாகக் குறைகிறது. அரிவாள் செல் நோயில் அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் வெளியே கொட்டும்போதுதான் உண்மையான தொல்லை. நைட்ரிக் ஆக்சைடு துடைத்தெடுக்கப்பட்டுக் குழாய்கள் இறுகுகின்றன.

அதோடு, சிவப்பணுவுக்குள்ளேயே நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கும் நொதி இருக்கிறது. 2021இல் வெளியான எலி ஆய்வொன்றில், சிவப்பணுவில் மட்டும் அந்த நொதியை நீக்கியபோதும் ரத்த அழுத்தம் ஏறியது. குழாய்ச் சுவரில் மட்டும் நீக்கியபோதும் ஏறியது. இரண்டும் தனித்தனியே வேலை செய்கின்றன என்று பொருள். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் சிவப்பணுவில் ஆர்ஜினேஸ் என்ற இன்னொரு நொதி மிஞ்சிப்போய், மூலப்பொருளான ஆர்ஜினைனைத் தின்றுவிடுகிறது. அந்த அணுக்களைத் தனியே எடுத்த எலி இதயத்துக்குள் செலுத்தினால், ரத்தம் தடைப்பட்டு மீளும் நேரத்தில் அந்த இதயம் சரியாகத் தேறுவதில்லை.

‘அப்படியென்றால் ஆர்ஜினைனை வாங்கிச் சாப்பிட்டால் போயிற்று’ என்று உடனே தோன்றும். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் பெரிய தவறு இதுதான், ஏனென்றால் செய்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த 153 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2006இல் வெளியானது. ஆறு மாதத்தில் ஆர்ஜினைன் எடுத்த பிரிவில் 6 பேர் இறந்தார்கள், போலி மாத்திரைப் பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை. புதிதாக ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆர்ஜினைன்தான் கொன்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குழாயின் விறைப்பும் குறையவில்லை, இதயம் ரத்தம் தள்ளும் திறனும் கூடவில்லை. மாரடைப்புக்குப் பிறகு இதைத் தானாக வாங்கிச் சாப்பிட ஒரு நியாயமும் இல்லை.

அப்புறம் மருந்து விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் உடம்பில் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது. சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற ஆண்மைக்குறைவு மாத்திரைகளோ சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் தடுப்பவை. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமும், தடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமும் நைட்ரோகிளிசரின் போன்ற நைட்ரேட் வகை மருந்து கூடாது. கூச்சப்பட்டு மருத்துவரிடம் இதை மறைப்பவர்கள் உண்டு. நெஞ்சுவலியோடு போகும்போது முதலில் சொல்ல வேண்டியதே இதுதான்.

தினமும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்களுக்கு மருத்துவர் சில மணி நேர இடைவெளி விட்டு எழுதித்தருவது மறதியால் அல்ல. இடைவிடாமல் எடுத்தால் உடம்பு பழகி மருந்து கேட்காது. அந்த இடைவெளியை நீங்களாக நிரப்பாதீர்கள். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை அது வந்த கண்ணாடிக் குப்பியிலேயே, வெயில் படாமல் வையுங்கள். உட்கார்ந்துகொண்டே போடுங்கள், நின்றபடி போட்டால் தலைசுற்றி விழலாம். ஒரு மாத்திரை போட்டு 5 நிமிடத்தில் வலி தணியாவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.