ஈர வயலில் பெல்ட் வண்டி இறக்கி நெல் அறுப்பது எப்படி

மதுரைப் பக்கம் பேரணையிலிருந்து கள்ளந்திரி வரைக்கும் உள்ள இருபோகக்காரர்களுக்கு இந்தத் தலைவலி புதிதில்லை. ஜூன் வாக்கில் வைகை அணைத் தண்ணீர் வந்து நட்ட முதல் போகம் அறுப்புக்குத் தயாராகும்போது வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து வந்துவிடும், டயர் வண்டியை இறக்கினால் புதைந்து நிற்கும், அரிவாளோடு ஆள் விடலாம் என்றால் ஆள் கிடைக்காது. மிச்சம் இருப்பது டயருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரமான பெல்ட் வண்டிதான், சில ஊர்களில் செயின் வண்டி என்பார்கள். மேலூர், திருமங்கலம் ஒருபோகத்தில் தை மாசியில் அறுப்பதால் பெரும்பாலும் காய்ந்த வயல்தான். ஆனால் கண்மாய்க் கரைக்கு அடியில் வயல் வைத்திருப்பவர்களுக்குக் கசிவு எப்போதும் உண்டு, அவர்களுக்கும் இது பொருந்தும்.

பெல்ட் வண்டி எந்தச் சேற்றிலும் போகும் என்று வண்டியை வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள். நம் பக்கம் வருகிற வண்டிகள் சுமார் மூன்று டன் எடை. ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு ரப்பர் பெல்ட், ஒவ்வொன்றும் ஐந்தடி நீளத்துக்கு மண்ணில் படிகிறது என்று வைத்துக்கொண்டால் சதுர சென்டிமீட்டருக்குக் கால் கிலோவுக்கும் குறைவான அழுத்தம். நாம் நடக்கும்போது ஒற்றைக் காலில் மொத்த எடையும் விழுகிற நொடியில் இதைவிடக் கூடுதல் அழுத்தம் விழுகிறது. ஆக, வயலைச் சோதிக்க உங்கள் காலே போதும். வரப்போரத்தில் நின்று பார்க்காமல் நடு வயலுக்குள் போய் நடந்து பாருங்கள், தண்ணீர் நுழையும் வாமடைப் பக்கமும் தாழ்வான மூலையும் கட்டாயம். கால் புதைவது கணுக்காலுக்குக் கீழே நின்றால் வண்டியை வரச் சொல்லலாம். கெண்டைக்கால் வரை இறங்கினால் இரண்டு நாள் பொறுங்கள், டிரைவர் "போயிரலாம்ண்ணே" என்றாலும் பொறுங்கள். வாடகை மணிக்கணக்கு. புதைந்து கிடக்கிற நேரத்தை யார் கணக்கில் எழுதுவது என்று வண்டி வயலில் இறங்குவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும்.

உண்மையில் வேலை ஆரம்பிப்பது அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னால். கதிர் முக்கால்வாசிக்கு மேல் மஞ்சளாகத் திரும்பியதும் தண்ணீரை நிறுத்தி வாமடையை அடைத்துவிட்டு, வடிகால் பக்க வரப்பை ஒட்டி மண்வெட்டி அகலத்துக்கு ஒரு சால் இழுத்துவிடுங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசலாக இருந்தால் இன்னும் சில நாள் முன்னதாகவே, அந்த மண் தண்ணீரை லேசில் விடாது. மேல் வயல்காரர் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தால் உங்கள் வடிகால் வீண், அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.

வண்டி வரும் நாளுக்கு முன் நான்கு மூலையிலும் வண்டி திரும்புகிற அளவுக்கு அரிவாளால் அறுத்து வையுங்கள். கிணற்றோரம், போர் குழாய், கல், பழைய மரத்தூர் எல்லாவற்றிலும் ஒரு குச்சி நட்டுத் துணி கட்டுங்கள். கல்லும் தூரும் ரப்பரைக் கிழித்துவிடும். சுவர் இல்லாத கிணறு என்றால் விளிம்பை நெருங்கவே விடாதீர்கள், அந்த நான்கு கதிரைக் கையால் அறுத்துக்கொள்ளலாம். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியையும் முதலிலேயே டிரைவரிடம் காட்டிவிடுங்கள்.

வரப்பைத் தாண்டும் இடமும் திரும்பும் இடமும்தான் வயலைக் கெடுப்பவை. வரப்பு உயரமாக இருந்தால் வண்டி அகலத்துக்கு வெட்டிச் சரிவாக்கி, நேராக ஏறி நேராக இறங்கச் சொல்லுங்கள். வரப்பின் மேல் திருப்பினால் பெல்ட் கழன்றுகொள்ள வாய்ப்பு உண்டு, வரப்பும் போய்விடும். ஒரு பெல்ட்டை நிறுத்தி மற்றதை ஓட்டினால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும், காய்ந்த தரையில் பிரச்சினை இல்லை. தொளியில், அதாவது குழைந்த சேற்றில் அப்படிச் சுற்றினால் மேல் மண் உரிந்து ஒரு பக்கம் குவியும், கீழே பள்ளம் விழும், அடுத்த சுற்றில் அதே பள்ளத்தில் வண்டி உட்காரும். டிரைவர்களுக்கு இது தெரியாமல் இல்லை, அவசரம். சீசனில் சேலம், ஆத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரு நாளில் எத்தனை வயல் முடிக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள். அகலமாக வளைந்து திரும்ப வேண்டும், இடம் இல்லையென்றால் முன்னே பின்னே எடுத்துத் திருப்ப வேண்டும் என்று முதல் சுற்றிலேயே கூட நின்று சொல்லிவிடுங்கள்.

வண்டியில் உள்ள நெல் தொட்டி நிறைந்தால் பல நூறு கிலோ கூடிவிடும். அதனால் ஈர வயலில் பாதி நிறைந்ததும் வந்து கொட்டச் சொல்வது நல்லது, கொஞ்சம் நேரம் கூடினாலும் பரவாயில்லை. டிராக்டர் டிரெய்லர் மேட்டிலேயே நிற்கட்டும்.

அப்படியும் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரைக் கூட்டக் கூட்ட உள்ளேதான் போகும். முதலில் தொட்டியைக் காலி செய்யுங்கள். பெல்ட்டுக்கு அடியில் தென்னை மட்டை அல்லது பலகை திணித்து, வந்த தடத்திலேயே பின்னால் எடுக்க வேண்டும். டிராக்டர் வைத்து இழுப்பதானால் சங்கிலியைச் சேஸில் உள்ள கொக்கியில் மாட்டுங்கள், பெல்ட்டிலோ முன்னால் உள்ள கத்திப் பகுதியிலோ மாட்டக் கூடாது. இன்ஜின் ஓடும்போது கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்க யாரையும் கை வைக்க விடாதீர்கள், எத்தனை வருட அனுபவம் உள்ளவராக இருந்தாலும் சரி.

காலையில் பனி ஈரம் காயும் முன் ஆரம்பிக்க வேண்டாம். ஈர வைக்கோல் டிரம்மில் சுற்றும், மணி சரியாக உதிராமல் கதிரோடு வெளியே போகும். ஆந்திரா பொன்னி மாதிரி சாய்கிற ரகமாக இருந்தால் சாய்ந்த திசைக்கு எதிராக அறுக்கச் சொல்லுங்கள், ஒரு பக்கம் வெறும் ஓட்டம் போனாலும் கதிர் தப்பாமல் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை விட்டுத் தள்ளி நின்று, பின்னால் விழுந்த வைக்கோலை ஒரு கைப்பிடி எடுத்து உதறிப் பாருங்கள். நெல் கொட்டினால் வண்டி விசிறியின் காற்று அதிகம், தொட்டியில் சண்டு, அதாவது பதரும் தூசியும் நிறைந்தால் காற்று குறைவு. கொள்முதல் நிலையத்தில் தூசியும் பார்ப்பார்கள், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள், ஈர வயல் நெல் நேராக அந்த அளவுக்கு வராது. களத்தில் கொட்டிக் கிளறிக் காய வைக்க இடத்தையும் தார்ப்பாயையும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். விதைக்கு எடுத்து வைப்பவர்கள் முதலில் வரும் மூட்டைகளைத் தனியாகத் தள்ளிவிடுங்கள், முந்தைய ஊர் நெல் வண்டிக்குள் ஒட்டிக்கொண்டுதான் வரும்.

ஏஜென்ட் சொல்லும் வாடகை ஒத்துவரவில்லை என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையிலும் வண்டி வாடகைக்கு உண்டு, உழவன் செயலியில் பதிவு செய்யலாம். சீசனில் முறை வரத் தாமதமாகும், கதிர் பழுக்கும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பதியுங்கள்.

அறுப்பு முடிந்ததும் பெல்ட் தடம் வயலெங்கும் கிடக்கும். இரண்டாம் போகம் நடுவதாக இருந்தால் தடம் கல்லாகக் காய்வதற்கு முன் தண்ணீர் கட்டி, டிராக்டரில் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் போட்டு உழுது, பரம்புப் பலகையை இரண்டு தடவை இழுத்துவிடுங்கள், திரும்பின இடங்களில் மேட்டு மண்ணைப் பள்ளத்துக்குத் தள்ளி இன்னொரு தடவை. உளுந்து போடுகிறவர்கள் அறுப்புக்கு முன்னால் விதை தெளிக்க வேண்டாம், பெல்ட் ஏறின இடத்தில் அழுந்திப் போகும். வண்டி போன பிறகு, தடத்தில் நிற்கும் தண்ணீரை மண்வெட்டியால் வெட்டிச் சாலுக்கு விட்டுவிட்டு, ஈரம் இருக்கும்போதே தெளித்துவிடுங்கள்.