மூழ்கிப்போகும் நூல் தக்கை: கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் முதல் நூல் தக்கையை மகளின் கைவேலைப் பெட்டியில் கிடந்த ஆரஞ்சு நூலில்தான் கட்டினேன். சிங்கப்பூரின் லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கத்து மீன்பிடி மேடையில் நின்று ஆறேழு தடவை வீசியிருப்பேன், தக்கையைக் காணோம். மீன்தான் இழுத்துவிட்டது என்று ஆசையாகத் தூக்கினால், சொட்டச் சொட்ட ஊறிப்போன நூல் மேலே வந்தது. பக்கத்தில் நின்ற அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கோப்பி வடிகட்டுற பையா?" என்றார்.

ஊரில் மயிலிறகுத் தண்டை நறுக்கிக் கட்டுவோமே, அந்தத் தக்கையின் வேலையேதான் இதற்கும். பொய்ப்பூச்சி கட்டி மீன்பிடிக்கும் ஃபிளை ஃபிஷிங்கில் இதை ஸ்ட்ரைக் இண்டிகேட்டர் என்பார்கள். நிம்ஃப் என்ற சின்னப் பொய்ப்பூச்சி தண்ணீருக்குள் தொங்கும். மீன் அதை வாயில் வைத்தால் மேலே இருக்கும் நூல் அசைய வேண்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் உருண்டை விழும்போது 'டொப்' என்று சத்தம் கேட்கும், நூல் பஞ்சுபோல இறங்கும். நூலில் கட்டுவதற்கு அதுதான் காரணம்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது நூலை வாங்குமிடத்திலேயே. பின்னல் நூல் கடையில் பளிச்சென்று அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். அதன் அடர்த்தி 1.17 அளவில், அதாவது தண்ணீரைவிடக் கனம். இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை மிதக்கும், காற்று போனால் கீழேதான். பாலிபுரோப்பிலீன் 0.9 அளவு, நனைந்தாலும் மேலேயே கிடக்கும். ஆட்டுக் கம்பளி மிதக்குமே என்று சிலர் சொல்வார்கள். மிதக்கவைப்பது ரோமத்தில் ஒட்டியிருக்கும் லானோலின் கொழுப்பு. கடைப் பின்னல் நூலில் அதை முக்கால்வாசி கழுவி எடுத்திருப்பார்கள்.

லேபிள் கிழிந்துபோன நூல் என்றால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. விரல் நீளத்துக்கு நூலை வெட்டி உள்ளே அமுக்கி, தண்ணீருக்குள்ளேயே நன்றாகப் பிசையுங்கள். குமிழ் வருவது நின்றதும் விட்டுவிடுங்கள். பாலிபுரோப்பிலீன் மெல்ல மேலே ஏறும், அக்ரிலிக் டம்ளரின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சோப்பை விட்டுவிட்டால் இந்தச் சோதனையே பொய்யாகிவிடும், ஏனென்றால் சோப்பில்லாத தண்ணீர் இழைக்குள் சீக்கிரம் இறங்காது. காராங்குனிக்காரருக்குப் பழைய பேப்பர் கட்டிப் போடும் ரஃபியா கயிறும் பொதுவாகப் பாலிபுரோப்பிலீன்தான். சீவிப் பார்த்தேன், மிதக்கிறது. ஆனால் விறைப்பாக நிற்கிறது, வெயிலில் மினுமினுக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்தது சீவாமல் கட்டுவது. முறுக்கிய நூலை அப்படியே கட்டினால் முறுக்குக்குள் தண்ணீர் தங்கிவிடும். முதலில் புரியைப் பிரித்து, பேன் சீப்பால் நுனியிலிருந்து உள்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். எடுத்த எடுப்பில் நடுவிலிருந்து இழுத்தால் பாதி நூல் சீப்போடு போய்விடும். இழை இழையாகப் பிரிந்து பூத்து நிற்கும்போதுதான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் வீட்டில், ஒரு தட்டின் மேல் நடக்கட்டும். நாம் மீன்பிடிக்கும் நீர்த்தேக்கங்கள் குடிநீருக்கானவை. கரையில் உட்கார்ந்து பிளாஸ்டிக் இழையைக் கத்தரித்துப் பறக்கவிடுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

பெரிதாகக் கட்டினால் நன்றாகத் தெரியும் என்று நினைப்பதும் தப்புக் கணக்கு. தக்கை பெரிதானால் காற்றைப் பிடிக்கும், வீசும்போது லீடர் நரம்பு, அதாவது பூச்சி கட்டும் மெல்லிய நுனி நரம்பு, முறுக்கிக்கொள்ளும். இங்கே நிம்ஃபுக்கு வருவது பெரும்பாலும் திலாப்பியா. அது இரையை உறிஞ்சிப் பார்த்து உடனே துப்பிவிடும். தக்கை பெரிதாக இருந்தால் அந்த உறிஞ்சலுக்கு அசையவே அசையாது. சின்ன நிம்ஃபுக்கு, சீவி வெட்டிய பிறகு 10 காசு நாணயத்தின் அகலம் போதும், அதாவது 18.5 மில்லிமீட்டர். ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தின் அகலத்தைத் தொட்டுவிட்டால் கத்தரித்துவிடுவேன். வாளித் தண்ணீரில் பூச்சியோடு சேர்த்துத் தொங்கவிட்டுப் பாருங்கள். முழுகாமல், துள்ளி நிற்காமல், நூலின் தலை மட்டும் தெரிந்தால் அளவு சரி.

நரம்பிலேயே நேராக முடிச்சுப் போட்டு நூலை இறுக்குபவர்களும் உண்டு. பிறகு தக்கையை நகர்த்த வேண்டியிருந்தால் அந்த முடிச்சு இறுகி அங்கேயே நின்றுவிடும். நல்ல மீன் மாட்டும் நாளில் நரம்பு சரியாக அந்த இடத்தில்தான் அறுகும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பொடி ரப்பர் வளையம் ஒன்றில் நூலை நடுவில் மடித்து, தையல் நூலால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். நரம்பை மடக்கி அந்த மடிப்பை வளையத்துக்குள் நுழைத்து, நூல் கொத்தின் மேலாகப் போட்டு இழுத்தால் பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால் முடிச்சில்லாமல் நகரும்.

மிதவைப் பசை தடவுவதில் நேரம்தான் முக்கியம். நூல் ஊறிய பிறகு தடவினால் தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியது மாதிரி. முந்தின இரவே, உலர்ந்த நூலில், விரல் நுனியில் துளி எடுத்துத் தேய்த்துவிடுங்கள். அதிகமானால் இழைகள் ஒட்டிக்கொண்டு சீவிய பலன் போய்விடும். ஜெல் வகை நம் ஊர் வெயிலில் தண்ணீராய் ஓடும், கட்டியான சிலிகோன் பசை மேல். ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினேன். தக்கையைச் சுற்றி வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் பரவியதும் வெட்கப்பட்டு எடுத்துவிட்டேன்.

நிறத்தில் ஆரஞ்சுக்கே எல்லாரும் ஓடுவார்கள். காலை வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசும்போது கறுப்புதான் தெரியும். பாதி ஆரஞ்சு, பாதி கறுப்பு கட்டினால் கவலையில்லை.

கடைசியாக, ஆழம். தக்கையிலிருந்து பூச்சிவரை தண்ணீரின் ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு நரம்பு விடு என்பது ஓடும் ஆற்றில் ட்ரௌட் பிடிப்பவர்களின் கணக்கு. ஓட்டத்தில் நரம்பு சாய்ந்து போவதால் அங்கே அது சரி. நம் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நிற்கிறது, பூச்சி நேர் கீழே தொங்கும். ஒன்றரை மடங்கு விட்டால் பூச்சி சேற்றில் கிடக்கும், தக்கைக்கு ஒன்றும் தெரியாது. நான்கு அடி ஆழமென்றால் மூன்றரை அடி விடுங்கள். பிடோக் நீர்த்தேக்கம் மாதிரி ஆழமான பழைய மணல் குவாரிகளில் அடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், மூன்று நான்கு அடியில் நிறுத்திப் பார்த்துவிட்டு இறக்கலாம். தக்கை மூழ்கும்வரை காத்திருக்காதீர்கள். லேசாகச் சாய்ந்தாலோ, காற்றுக்கு எதிராக அரை அங்குலம் நகர்ந்தாலோ தூக்கிவிட வேண்டும்.