‘டார்க்’ என்ற ஜெர்மன் காலப்பயணத் தொடரின் முடிச்சைத் தாளில் அவிழ்ப்பது எப்படி?

பெரிய தாளில், கதை நடக்கும் 1953, 1986, 2019 ஆகிய ஆண்டுகளுக்கு மூன்று பத்திகள் போடுங்கள்; இடைவெளி 33 ஆண்டுகள். 1953க்கு முன்னால் ஒரு பத்தி காலியாக இருக்கட்டும், இரண்டாம் சீசனில் 1921 வரும். கான்வால்ட், நீல்சன், டாப்ளர், டீடமன் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு வரிசை. பென்சில்தான், உறவுகள் மாறிக்கொண்டே இருக்கும்.

பலர் சறுக்குவது, பாத்திரம் சொன்னதையும் திரையில் கண்டதையும் ஒன்றாகக் குறிப்பதில்தான். கதை நடக்கும் வின்டன் ஊரில் பொய் சொல்லாதவர் அரிது. சொன்னதற்குப் புள்ளிக்கோடு, கண்டதற்கு முழுக்கோடு. புள்ளிக்கோட்டின் மேல் ஊகம் கட்டினால் அடுத்த எபிசோடிலேயே சரியும்.

ஒரே பாத்திரத்தின் முதிய, இளைய உருவங்களை இணைக்க முகச்சாயலைவிடத் தழும்பு நம்பகமானது. ஹெல்கே டாப்ளரின் காதைக் கவனியுங்கள். மூன்றாம் சீசனுக்குத் தனித்தாள் எடுங்கள், அதில் இன்னோர் இணை உலகமும் வரும். மார்த்தா நீல்சனின் நெற்றியில் விழும் முடி, அது எந்த உலகம் என்று காட்டிக்கொடுக்கும், எவ்வளவு அழகான துப்பு!