கை வேலையில் இருக்கும்போது போன் வந்தால்

பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் வேலை பார்ப்பவர்கள் போன் செட்டிங்ஸில் 'குவிக் ரெஸ்பான்ஸ்' பகுதிக்குப் போய், அங்கிருக்கும் ஆங்கில வரியை அழித்துவிட்டு இப்படி எழுதி வையுங்கள்: "வேலையில் இருக்கேன். ஏரியா பேரும் ரிப்பேர் போட்டோவும் இதே நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. ஒரு மணிக்குக் கூப்பிடுறேன்." அழைப்பு வரும்போது எடுக்காமல் அதைத் தட்டினால் எஸ்எம்எஸ் போய்விடும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் 'அவே மெசேஜ்' போட்டுவிட்டால், அங்கே வருபவர்களுக்குத் தானாகவே பதில் போகும். செயலி இலவசம்தான்.

குழாய் உடைந்து தண்ணீர் ஓடும் வீட்டில் யாரும் காத்திருக்க மாட்டார்கள், உடனே அடுத்த நம்பருக்குப் போய்விடுவார்கள். நேரம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் பொறுப்பார்கள். போட்டோ வந்துவிட்டால் இன்னும் நல்லது: சேலத்தில் அம்மாபேட்டையிலிருந்து சூரமங்கலம் வரை போய்ப் பார்த்துவிட்டு, ஒரு வாஷருக்காகத் திரும்பக் கடைக்கு ஓட வேண்டாம். ஆனால் சொன்ன மணிக்குக் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டும்.

லேண்ட்லைனிலிருந்து அழைப்பவர்களுக்கு இது உதவாது. ஏற்காடு மலைப்பாதையில் சிக்னல் இல்லாத இடத்தில் அழைப்பே வராது, அவே மெசேஜும் நெட் இருந்தால்தான் போகும். வண்டி ஓட்டும்போது தட்டவே வேண்டாம். கேஸ் கசிவு, ஷாக் மாதிரி அவசரத்துக்கு வேறொரு ஆளின் நம்பரையும் அவே மெசேஜில் சேர்த்துவிடுங்கள், அவரிடம் கேட்டுவிட்டு.